பின்பக்கம்

புந்தா அரேனாஸில் காற்று பலத்தால்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்தபடிதான் அன்று பள்ளிக்குப் போனேன்,
எட்டாம் வகுப்புக்கான தாள்களை
நர்ஸ் கோட்டுக்குள் செருகிக்கொண்டு.

நாற்பது நிமிடம்.
எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே சாக்கட்டி.
ஒரே இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.
தாளின் மேலே உடம்பின் படம், கீழே வெற்றுக் கோடுகள்:
வீட்டில் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசு,
பேசியதை எழுதி வா.

முப்பத்தொன்று போனது.
பதினெட்டு திரும்பியது.

நோயெலியாவின் அம்மாவுக்கு ஆய்வகத்தில் வேலை.
என் படத்தில் ஒரு தவறைத் திருத்தி
பக்கத்தில் ஒரு பூனை வரைந்திருந்தாள்.

துசானின் அப்பா மீன்படகில், தெற்கே.
ரேடியோவில் கேட்டிருக்கிறான்,
மற்றப் படகுகளின் காதுக்கும் விழ.
"கரைக்கு வந்து சொல்றேன்டா."
அவ்வளவுதான் உரையாடல்.
கீழே அவனே சேர்த்திருந்தான்:
குரலில் கோபம் இல்லை.

ஒன்றில் போதகரின் முத்திரை மட்டும்.

ஒருவன் அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டிருந்தான்,
அவள் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு.

ஜூனில் சந்தியாகோவிலிருந்து அலுவலர் வந்தார்.
முன்தேர்வு, பின்தேர்வு, இரண்டையும் கழித்தால் வருவது.
"பாடம் பலன் தந்ததா?"
எந்த வீட்டில், என்று கேட்டேன்.
அவர் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அவர் போன பிறகு மேசையை ஒழிக்கையில்
எல்சிராவின் தாள் கவிழ்ந்து விழுந்தது.
முன்பக்கம் ஒற்றைச் சொல்: பேசவில்லை.
பின்பக்கம் பென்சில்.
கோடில்லாத தாளில் சரிந்து சரிந்து இறங்கும்
வேறொரு கை.

"செனோரா, எனக்கு மீன் ஆலையில் இரவு வேலை.
மகள் கேட்டாள். நான் அடுப்பைத் துடைத்தேன்.
துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.
எனக்கும் யாரும் சொன்னதில்லை.
இந்தத் தாளைத் திருப்பித் தர வேண்டுமாமே,
இன்னொன்று இருந்தால் அனுப்புங்கள்.
அவள் தூங்கிய பிறகு பார்த்துக்கொள்கிறேன்."

மூன்று மாதம் இது
'பேசவில்லை' அடுக்கில் கிடந்திருக்கிறது.
அலுவலரின் கணக்கிலும் அப்படியே ஏறிப் போய்விட்டது.

நோயெலியாவின் அம்மா திருத்திய படத்தைத்தான்
நகலெடுத்தேன், பூனையோடு.
உறைமேல் எல்சிரா என்று எழுதி
அடித்தேன்.
அந்த அம்மாளின் பெயர்
எனக்குத் தெரியவில்லை.