மாறி

டொலீடோவில் ஆறு மணிக்கே இருட்டு.
பள்ளிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு
சீருடையோடு வந்து உட்காருகிறாள் ரோண்டா பியட்ராஸ்.
கல்லூரி இயற்கணிதம், மூன்றாம் முறை.

முதல் முறை இரட்டை ஷிஃப்ட்.
அடுத்த முறை விவாகரத்து;
அந்தப் பருவம் முழுக்க
எதையும் இரண்டால் வகுக்கப் பிடிக்கவில்லை.

பலகையில் இருக்கும் எக்ஸ் ஒரு மாறி.
இவளும்தான் மாறி வந்திருக்கிறாள்,
கடைசிப் பெயர், வீடு, முடியின் நிறம்.
மாறாதது அந்தக் கழித்தல் குறி:
அடைப்பைப் பிரிக்கும்போதெல்லாம்
எங்கோ விழுந்து தொலைகிறது.

இன்று விடைத்தாள் வந்தது.
எழுபத்தொன்று.

வண்டி நிறுத்துமிடத்தில்,
கண்ணாடியில் படிந்த உறைபனியின் மேல்
விட்ட கணக்கை விரலால் மறுபடி போடுகிறாள்.
குறி இருக்கிறது.

குளிர் பல்லைக் கிட்டுகிறது.
ஹீட்டரைப் போட மனம் வரவில்லை.