பதினோரு எண்ணிக்கை

எங்கள் வரிசைக்கு மெட்டு கிடையாது.
மெட்டு மேல்வரிசைக்கு,
ஜெஸிந்தாவுக்கும் அவள் ஒதுக்கிவைக்கும் இருமல் மிட்டாய்க்கும்.
இடி கீழ்வரிசைக்கு,
இரும்பாலையில் கிரேன் ஓட்டும் மாதேஸ்வரனுக்கு.
நடுவில் நாங்கள் நாலு பேர்
ஒரே சுரத்தில் நிற்கிறோம்,
டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்த மாதிரி.

செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மண்டி மாடி.
மாவு படிந்த படியேறி
செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு ஒத்திகை.
எட்வின் சார் ரயில்வேயில் இருந்தபடியே
தானாக எழுதிய மழைப் பாட்டு.
அதில் 'ம' எல்லோருக்கும் பொது.
'ழை' எங்களுக்கு மட்டும்
பதினோரு எண்ணிக்கை.
நசீமா அதை 'ளை' என்பாள்.
அது வெளியே தெரியாமலிருக்க
மற்ற மூவரும் நாக்கை இன்னும் கொஞ்சம் மடிப்போம்.

வீட்டில் ஒருநாள் பாடிக் காட்டினேன்.
தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார் பரந்தாமன்.
"ஆரம்பி" என்றார்
நான் முடித்திருந்தபோது.
இன்னொரு தடவை பாடினேன்.
யோசித்து, கேலி ஏதுமில்லாமல்,
"நம்ம ஃபிரிட்ஜ்கூட இப்படித்தான்" என்றார்.

ஏற்காடு கோடை விழாவில் எங்களுக்கு இரண்டு நாள்.
நோட்டீஸில் 'சேர்ந்து இசை குழு' என்று
பிரித்து அச்சடித்திருந்தார்கள்.
"மிரட்டற மாதிரி இருக்கு" என்றான் மாதேஸ்வரன்.
முதல் நாள் கலையரங்கத்தில் பதினெட்டுப் பேர்.
வெளியே தூறல் நின்றதும்
பதின்மூன்று.

மறுநாள் திறந்தவெளி மேடை.
எங்களுக்கு முன்னால் நாய்க் கண்காட்சிப் பரிசளிப்பு.
கோப்பை வாங்கிய நாய்களும்
வாங்காத நாய்களும்
முன்வரிசையிலேயே தங்கிவிட்டன.
ஐந்தரைக்கு ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்தது.
முதலில் மலர்க்கோபுரம் போயிற்று,
பிறகு மிளகாய் பஜ்ஜிக் கடை, வாசனை மட்டும் இருந்தது,
பிறகு மூன்றடி தூரத்தில்
எட்வின் சாரின் விரல்கள், மணிக்கட்டு,
கடைசியாக அவர் சட்டையின் வெள்ளை.

'ம' வரைக்கும் எல்லோரும் வந்தோம்.
'ழை'யைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நடந்தோம்.
பதினொன்றில் ஒரு கை மூடும்,
அந்தக் கையைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.
மேல்வரிசை நின்றது.
கீழே மாதேஸ்வரனுக்கு மூச்சு தீர்ந்தது.
கை மூடியதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.
நிறுத்தச் சொல்லாமல் எதையும் நிறுத்தி
எங்களுக்குப் பழக்கமில்லை:
நான் மின்வாரியக் கவுண்ட்டரில் இருபத்திரண்டு வருடம்,
நசீமா தையல் கடை, தமயந்திக்கு மாமியார்,
செவ்வந்தி இரவுப் பணி நர்ஸ்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
அந்த வெள்ளைக்குள்
எங்கள் சுரம் மட்டும் இருந்தது.
எனக்கே அது புதிதாகக் கேட்டது.
'ளை'யும் கேட்டது, தெளிவாக.
பதினாலில்
இரண்டாம் பரிசு ராஜபாளையம்
தலையைத் தூக்கி எங்களோடு சேர்ந்தது.

சிரிப்பா கைதட்டலா என்று
மஞ்சில் பிரித்தறிய முடியவில்லை.
நிறைய இருந்தது.

இறங்கும் வேனில் யாரும் பேசவில்லை.
செவ்வந்தி ஜன்னலோரம், பாலித்தீன் பையோடு.
கொண்டைஊசி ஒவ்வொன்றிலும்
எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தோம்,
ஒத்திகையில் ஒருநாளும் வராத ஒழுங்கில்.
எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ,
எட்வின் சார் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்:
"பதினேழு வந்துச்சு."
கொஞ்சம் கழித்து,
"நாய் சுருதி சுத்தம்."
நசீமாதான் முதலில் சிரித்தாள்.

வீடு வந்தபோது மணி பதினொன்று.
பரந்தாமன் தூங்கிவிட்டிருந்தார்,
என் சாப்பாட்டைத் தட்டு போட்டு மூடிவைத்துவிட்டு.
விளக்குப் போடாமல் சமையலறையில் நின்றேன்.
ஃபிரிட்ஜ் அரைச்சுரம் கீழே இருந்தது.
இறங்கிப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.
ஏழு, எட்டு,
ஒன்பதில்
உடம்பை ஒருமுறை உலுக்கிக்கொண்டு
அது நிறுத்திவிட்டது.

எனக்கு இன்னும் இரண்டு எண்ணிக்கை பாக்கி.