நாற்பத்தொன்றாம் பெட்டி

டண்டீயில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை பிடிக்கிறவர் வெளியூர்.

சணல் மில்லின் பழைய கணக்கறைதான் எங்கள் நூலகம்.
துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி,
வேலைநிறுத்தங்களை
அமிலமில்லாத தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறோம்.
பதினெட்டு டிகிரியைத் தாண்டினால்
பழைய கோபங்கள் மஞ்சளடிக்கும்.
பட்டியல் போடும் மாடியறைக்கு அந்தப் பதினெட்டும் கிடையாது.
கையுறையோடுதான் தட்டச்சு.

மூன்று வருடமாகச் சம்பளம் நகரவில்லை.
நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஏழு பேரும் வெளியே வந்தோம்.
கோஷத்துக்கா பஞ்சம்?
நூற்றுப்பத்து வருடத்து இருப்பு உள்ளே கிடக்கிறது.
எல்ஸ்பெத் புதிதாகவே எழுதினாள்:
"காகிதத்துக்குப் பதினெட்டு, எங்களுக்குப் பன்னிரண்டு."

பத்தரைக்கு ரக்ன்ஹில்ட் வந்தாள், குடையோடு,
பெர்கனிலிருந்து, இரண்டே நாள் விடுப்பில்.
நாற்பத்தொன்றாம் பெட்டிக்காக
ஆறு மாதம் கடிதம் எழுதியவள்.
கதவு திறந்துதான் இருந்தது.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இயக்குநர்
வாருங்கள் என்று தலையசைத்தார்.

அவள் பதாகையைப் படித்தாள். மறுபடி படித்தாள்.
குடையை மடக்கிவிட்டு
எங்களோடு சுவரோரம் நின்றுகொண்டாள்.

"அதில் என்னதான் இருக்கிறது?"
நண்பகல் வாக்கில் கேட்டாள்.

சொன்னேன்.
நெசவுப் பெண்களின் கமிட்டிக் குறிப்பேடு, முதுகு கிழிந்தது.
உண்டியல் வரவு பதினொரு ஷில்லிங், ஒரு செல்லாக்காசு.
ரொட்டிக்கடைக்காரர் கடன் தர மறுத்தது.
பிறகு தந்தது; ஏனென்று எழுதவில்லை.
பதினேழாம் பக்கம் பாதிக்குமேல் வெறுமை.
தறிச் சத்தத்தில் காது போனவர்கள்
அன்று விரல்களாலேயே சண்டை போட்டிருக்கிறார்கள்.
குறிப்பெடுத்தவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்:
"கைகள் பேசின. வேகம் அதிகம்."

"ஏய், நீ வேலை செய்கிறாய்!"
மங்கோ கத்தினான். "கருங்காலி!"

சிரித்தோம்.
ரக்ன்ஹில்ட் மட்டும் சிரிக்காமல்
ஈர உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள்.
மை கரைந்து மணிக்கட்டுக்கு வழிந்தது.

ஒன்பதாம் நாள் உள்ளே போனோம்.
கேட்டதில் பாதி. ஒரு ஹீட்டர்.

எல்ஸ்பெத்தின் பதாகையை நானே பதிவு செய்தேன்.
அட்டை, மரக்குச்சி, மழைக்கறை,
இடது மூலையில் டீக்கோப்பை வைத்த வட்டம்.
கொடுத்தவர்: நாங்கள்.
"முடிவு" என்றொரு கட்டம் உண்டு.
மில் பெண்களுக்கு அதில் "தோல்வி" என்று
எனக்கு முன்பிருந்த யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்.
அழிரப்பர் மேசைமேல்தான் கிடந்தது.

அதைத் தொடவில்லை.
எங்கள் கட்டத்தையும் நிரப்பவில்லை.
ஹீட்டரைப் பெட்டிகளை விட்டுக் கொஞ்சம் திருப்பி வைத்து
ஒரு கையுறையைக் கழற்றினேன்.