நாற்பத்தைந்து

உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் பிரிக்கக் கூடாது.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் கிடந்த சுருள்
தன் பைக்குள்ளேயே விழிக்கட்டும்.
அவசரப்பட்டால் துணி வியர்க்கும்,
வியர்த்தது அடுப்பில் கொப்புளிக்கும்.
மொடேனாவுக்கு வெளியே, பன்றிப் பண்ணையை ஒட்டிய பட்டறையில்
காலை முழுக்க அதற்காகக் காபி குடிப்போம்.
ஜன்னலில் பனிமூட்டம். சாலை இல்லை, மரம் இல்லை.

மதியம் அவுரிக்கா கையுறை மாட்டுவாள்.
மால்டோவாக்காரி.
ஒரு பானெட்டுக்கு இயந்திரம் வெட்டித் தரும் துண்டுகள் நாற்பத்தாறு,
ஒவ்வொன்றின் முதுகிலும் நீலமாய் ஒரு பிளாஸ்டிக் தாள்.
தாளை உரிப்பாள், துண்டை அச்சில் கிடத்துவாள்,
மூலைகளில் மழுங்கிய கட்டையால் அழுத்துவாள்.
அடங்காத வளைவுக்குக் கொஞ்சம் சூடான காற்று.
நடுக்கோட்டில் இடச் சாய்வும் வலச் சாய்வும்
மீன்முள்ளாய்ச் சேர வேண்டும்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.
வாங்குகிறவன் அந்தக் கோட்டில்தான் நகத்தை ஓட்டுவான்.

பிறகு பை, பசைநாடா, காற்றை உறிஞ்சும் குழாய்.
பை ஒட்டி ஒட்டி அச்சின் எலும்பெல்லாம் தெரியும்.
எங்காவது சீறுகிறதா என்று
சுற்றிலும் காது வைத்துக் கேட்பாள்.
உருளை அடுப்பின் கதவு மூடும்.
ஆறு மடங்கு காற்றழுத்தம், நூற்று முப்பது டிகிரி.

அன்று கதவு மூடி அரைமணி நேரம்.
கூடையிலிருந்த நீலத் தாள்களை மேசையில் பரப்பி எண்ணினாள்.
இத்தாலிய மொழியில் சண்டை போட்டு, கடன் வாங்கி,
விவாகரத்தும் வாங்கியவள்,
எண்ணுவது மட்டும் ருமேனியத்தில்.
உனு, தோய், த்ரெய்...
பத்ருஸெச் ஷி சின்ச்.
மறுபடியும் எண்ணினாள்.
முகத்தில் ஈயாடவில்லை.

குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தோம். செருப்படிகளைப் பார்த்தோம்.
என் முழங்கையை அவளே திருப்பிப் பார்த்தாள்.
எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம்;
அவளாகவே போய் எர்மெஸிடம் சொன்னாள்.
அவன் அடுப்பின் கடிகாரத்தைப் பார்த்தான்.
இறுகத் தொடங்கிய பிசின் பாதி வழியில் திரும்பாது.
மூன்று மணி நேரம் மூவரும்
ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட்டைத் தின்று முடித்தோம்.

வெளியே வந்தது அழகாகத்தான் இருந்தது.
எர்மெஸ் இரண்டு யூரோ நாணயத்தால் தட்டிக்கொண்டே போனான்:
டிங், டிங், டிங்,
விளக்குக் குழியின் ஓரம், டிங்,
கீலுக்கு மேலே
டொக்.

வைர ரம்பம் அங்கேயே இறங்கியது.
என் நான்கு மாதச் சம்பளம் கரித்தூளாகப் பறந்தது.
வெட்டுமுகத்தில், கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே
மயிரிழை நீலம்.
அவுரிக்கா அதை நகத்தால் நெம்பி
முனையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

நான் இவர்களுக்கெல்லாம் பின்னால் வருகிறவன்.
தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்ப்பேன்:
நானூறு, எண்ணூறு, இரண்டாயிரம்.
ஊசிக்கண் ஓட்டைகளை மூடுவேன், மூன்று பூச்சு அரக்கு அடிப்பேன்,
பிறகு மறுபடி தேய்ப்பு, பஞ்சுச் சக்கரம்.
அதில் குனிந்தால் உங்கள் பல் தெரியும்.
அவள் எண்ணாமல் வீட்டுக்குப் போயிருந்தால்
இந்த பானெட்டையும் அப்படித்தான் கண்ணாடியாக்கியிருப்பேன்.
என் கை அந்த நீலத்தின் மேல் நூறு முறை போயிருக்கும்,
ஒன்றும் சொல்லியிருக்காது.

பாதி பானெட் இப்போது என் அறையில் கிடக்கிறது.
புதிதாய் வந்த பையன் அதில் அரக்கு அடித்துப் பழகுகிறான்,
வழியவிடுகிறான், திட்டு வாங்குகிறான்.

மறுநாள் இன்னொரு சுருள் மேசையில் விழித்தது.
இம்முறை உரித்த தாளை அவள் கூடையில் போடவில்லை.
ஒவ்வொன்றாய் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள்.
நாலு மணிக்குப் பனிமூட்டம் மறைந்தே போயிற்று;
வெளிச்சம் நீலமாய் வந்து
என் வாளித் தண்ணீரில் ஆடியது.
மேல் மூலையில் ஓர் இடம் மட்டும் காலி.
நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவள் ஸ்டூலை இழுத்துப் போடும் வரை.