பள்ளிகொண்டா, பஞ்சர் கடை

ராத்திரி ரெண்டு மணி.
ஆம்பூர்த் தோல் ஏற்றிய லாரி
பின் டயர் இறங்கி நிற்கிறது.
ஜாக்கி வைக்குமுன் தவராசா
ரோட்டோர மண்ணைக் குனிந்து பார்க்கிறான்,
புதிதாய்த் தோண்டியதா என்று.
"இன்னாய்யா தேடற?"
"சும்மா."

கண்டி வீதியில் அவனுடையது ஒன்பதாவது லாரி.
அரசாங்க மா, பருப்பு,
அடியில் என்னவென்று யாரும் சொல்லாத பெட்டிகள்.
முதல் லாரி வெடித்தது. பிறகு கடைசி லாரி.
நடுவில் இருந்தவை
முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.
மழைக்கு முந்தின ஈசல் மாதிரி மா பறந்தது.
பற்றைக்குள்ளிருந்து ஒருத்தன்
"இறங்கி ஓடுங்கோ அண்ணை" என்றான்.
தெரிந்த குரல்.
முகத்தைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
இரண்டு பக்கமும் பெயர் கேட்டிருக்கும்.

அதன்பின் நாலு மாதம்
அவன் பிள்ளைக்குப் பால்மா கிடைக்கவில்லை.

நேற்று குடியாத்தம் முகாமில் அரிசி நாள்.
கவுண்டன்யாவில் வெள்ளம், தரைப்பாலம் மூழ்கிவிட்டது,
லாரி நாளைக்குத்தான் என்றார்கள்.
ஆற்றில் தண்ணீர் பார்க்க ஊரே ஓடியது.
அவன் வெறும் பையை
நாலாய் மடித்து வைத்துக்கொண்டான்.

காற்று நிரப்பியாயிற்று.
நட்டுகளை எண்ணி முடுக்குகிறான்.
நாற்பது ரூபாயை வாங்கிக்கொண்டு
டிரைவரிடம் சொல்கிறான்:
"முன்லாரிக்குப் பின்னால
ஒட்டிப் போகாதேங்கோ."