காயத்தின் அளவு

விபத்துப் பதிவேட்டின் ஆறாவது கட்டம் கேட்கிறது:
காயத்தின் அளவு.
பேனாவை வைத்தேன். ஒரு புள்ளி விழுந்தது.
அளவு அதுதான்.

பெயர் லெம்பேட் அருள்தாசன். ஊர் பேசாலை.
இடம் கொள்ளுப்பிட்டி, கடல் பார்த்த பக்கம்.
மாடி பதினான்கு.
இந்த லிஃப்டில் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு.
வாங்குகிறவர்களுக்குப் பதின்மூன்று ஆகாதாம்.
பூசுகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

கன்னின் முனை அடைத்துக்கொண்டது.
(துவக்கு என்று அவன் சொல்லவே மாட்டான்.)
மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி,
பிறகுதான் துடைக்க வேண்டும்.
அதற்கு ஏழு நிமிடம் பிடிக்கும்.
நாலு மணிக்கு மாதிரி வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.
இடது ஆட்காட்டி விரலால்
ஒரே ஒருமுறை வழித்தான்.

சதுர அங்குலத்துக்கு மூவாயிரம் இறாத்தல்.
இரத்தம்கூட வரவில்லை.
நுளம்பு கடித்தமாதிரி என்று சிரித்தான்.
சுப்பவைசர் பிளாஸ்டர் ஒட்டினார்.
பனடோல் நான்தான் கொடுத்தேன், இரண்டு.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

நாலு மணிக்கு வந்த அம்மா
காய்ந்துவிட்டதா என்று
ஆட்காட்டி விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

எட்டரைக்கு ஸ்டோர் கதவைத் தட்டினான்.
விரல் அவித்த மரவள்ளிபோல் வெளிறி, வீங்கி, மடங்காமல்.
ஓட்டோவில் அதை மெழுகுதிரி பிடிப்பதுபோல்
நிமிர்த்தியபடியே வந்தான்.

பெரியாஸ்பத்திரியில் கால் முறிந்தவர்கள், மண்டை உடைந்தவர்கள்.
அவர்களுக்கு நடுவே எங்கள் புள்ளி.
இதுக்கா வந்தீங்க என்று பார்த்தார் ஒருவர்.
கடைசியில் ஒரு சின்ன டொக்டர்,
தூக்கம் நிறைந்த கண், ஒரே கேள்வி:
தண்ணியா, கிறீஸா, பெயின்றா?
பெயின்ற் என்றதும்
கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

விரலிலிருந்து மணிக்கட்டுவரை திறந்தார்களாம்.
உள்ளே, நாண்களை ஒட்டி ஒட்டி,
முத்து வெள்ளை.
டின்னில் போட்டிருக்கிறது: பத்து வருஷம் உரியாது.
மூன்றுமுறை கழுவினார்கள்.
நாலாம் நாள் விரலை எடுத்தார்கள்.

கடைசிக் கட்டம்: காரணம்.
கவனக்குறைவு என்று எழுதச் சொல்லி
தலைமையகத்திலிருந்து ஃபோன்.
எழுதினேன்.
யாருடையது என்று கேட்க
அந்தத் தாளில் இடமில்லை.

புள்ளியை அப்படியே விட்டேன்.
மேலே போய், மாடியை மட்டும் வெட்டி
பதின்மூன்று என்று திருத்தினேன்.