நைட் ஹால்ட்

கடைசி டிரிப்பின் கலெக்‌ஷனை
மூன்று முறை எண்ணியாயிற்று.
ஏழு ரூபாய் குறைகிறது.
குறையட்டும்.

நாகலூரில் வண்டியைத் திருப்பி
கோயில் சுவரில் மூக்கை முட்ட நிறுத்திவிட்டு
மூன்று பேர் சீட்டில் மடங்கிப் படுத்துவிட்டார்
செங்கோடன் அண்ணன்.
அவர் முழங்கால் இரண்டும்
டிக்கெட் எடுக்காத ஆட்கள் மாதிரி
நடைவழியில் நிற்கின்றன.

வெளியே மார்கழி.
சில்வர் ஓக் மரத்திலிருந்து சொட்டுவது
மழையா பனியா என்று
பஸ் கூரைக்கே தெரியாது.

பையைத் திறக்கிறேன்.
சில்லறைக்கு அடியில்
ஒரு குரோஷா ஊசி, நான்கு எம்.எம்.
ஒரு பந்து கம்பளி நூல்.

பீடியை விட்டு நாற்பத்தொரு நாள்.
விட்ட பிறகுதான் தெரிந்தது,
கேட்டது வாய் இல்லை, விரல்.
போர்ச்சுகீசோ என்னவோ
புரியாத பாஷையில் ஒருத்தி போனில் சொல்லித் தந்தாள்.
சத்தத்தை அணைத்துவிட்டு
அவள் கையை மட்டும் பார்த்தேன்.
சுற்று, உள்ளே விடு, இழு.
இதுவும் ஒரு இழுப்புதான்.

சின்னக் கடை வீதியில் நூல் வாங்கும்போது
குழந்தைக்கா என்று கேட்டார் நசீமா.
இல்லை, டிரைவருக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கழுத்து என்ன அளவு என்றார்.

அண்ணன் பக்கத்து ஜன்னல்
ஆறு மாதமாக மூடுவதில்லை.
டிப்போவில் எழுதிக் கொடுத்தோம்.
எழுதியதை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
அவர் வலது காதில் ஏறும் காற்று
அடிவாரம் வந்தும் இறங்குவதில்லை.

நூல் ஒன்றுதான், நிறம் பல.
சாயம் போட்டவன் எங்கோ உட்கார்ந்து
எத்தனை முழத்துக்குப் பிறகு எது வரும் என்று
முடிவு செய்துவிட்டான்.
கோடு போடுவது நானில்லை.
போய்க்கொண்டே இருந்தால் போதும்,
வளைவு தானாக வரும்.

ஆனால் வண்டிக்குள் எரிவது நீல பல்பு.
அதன் கீழே எல்லாமே சாம்பல்.
கொஞ்சம் கருத்த சாம்பல்,
கொஞ்சம் வெளுத்த சாம்பல்.
விரலுக்கு இன்றைக்கு வேலை,
கண்ணுக்கு நாளைக்குத்தான் கூலி.

பதின்மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனது.
பிரித்தேன். பிரித்ததில்
நல்ல வரிசை நாலும் போனது.
எரிச்சலில் ஊதினேன், வெறும் மூச்சை.
இந்தக் குளிரில் அதுவும் புகைதான்.

ஐந்தே காலுக்கு
காப்பிப் பழம் பறிக்கப் போகும் ராமாயி
கதவைத் தட்டினாள்.
பெரிய விளக்கைப் போட்டேன்.

மடியில்
பழுத்த மிளகாய்ச் சிவப்பு.
அதை இடித்துக்கொண்டு கமலா ஆரஞ்சு.
கொஞ்சமே கொஞ்சம் மஞ்சள்.
அப்புறம் கேட்காமல் வந்த மயில் பச்சை,
அது முடியுமுன்பே ஒரு பிங்க்.
ராத்திரி முழுக்க
இவ்வளவுமா என் மேல் கிடந்தது?

“என்ன கண்டக்டரே,
வளையல் கடையைப் பிரிச்சுப் போட்டிருக்க?”
என்றாள் ராமாயி.

அண்ணன் எழுந்து ஒரு பார்வை பார்த்தார்.
“நான் என்ன தேர்ச்சீலையா?”
பழைய துண்டையே காதோடு கட்டிக்கொண்டு
சாவியைத் திருகினார்.
வண்டி இரண்டு முறை இருமியது.
மூன்றாவது இருமல் அவருடையது.

பிறகு கை மட்டும் பின்னால் நீண்டது,
முகம் திரும்பவில்லை,
மீதிச் சில்லறை கேட்கிற கை.

“முடியலையே அண்ணே, பாதிதான் ஆயிருக்கு.”
கை அப்படியே இருந்தது.

கொடுத்தேன்.
ஊசி அவர் தோளில் தொங்க,
பந்து என் பையில் கிடக்க,
விசில் கொடுத்துவிட்டு டிக்கெட் போடப் போகிறேன்.
ஏற்காடு ஒண்ணு, அடிவாரம் ரெண்டு.
என் பின்னாலேயே நடைவழியெங்கும்
நூல் ஓடி வருகிறது.
ராமாயி அதைத் தாண்டக் காலைத் தூக்குகிறாள்.
கடைசி சீட்டுப் பையன்
விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு விடுகிறான்.

வண்டி திரும்பத் திரும்ப
பந்து பைக்குள் உருண்டு இளைக்கிறது.
அடுத்து எது வருமென்று
எட்டிப் பார்க்கவில்லை.
இடது கையில் மிஷின்,
வலது கையில் ஐம்பது ரூபாய்,
எதிரே
பனி.